தொண்ணூறுக்குக் கீழே

மருத்துவமனையின் எடை இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார். சாவிக்கொத்து, கைபேசி, பேனா, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"பல்லையும் கழட்டிக் குடுத்துடுங்க" என்றாள் அவள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறி நின்றார். அப்படி இழுத்துப் பிடித்தால் எடை குறையாது என்று அவருக்கும் தெரியும். எண்கள் கொஞ்சம் தடுமாறி, நூற்று நான்கில் நின்றன.

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுபவர் அவர். விடியற்காலை ஐந்தே காலுக்கு டெப்போவில் கையெழுத்துப் போட்டு, ஒன்பதாம் எண் பஸ்ஸை எடுத்து, துறைமுகத்திலிருந்து மேட்டுக் குடியிருப்பு வரை போய்த் திரும்புவார். ஒரு நாளைக்கு ஆறு முறை. எட்டு மணி நேரம் ஒரே இருக்கை. நடப்பது என்றால் இருக்கையிலிருந்து டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து இருக்கைக்கு. டெப்போவில் அவருக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர். சுருக்கமாக டெக்கர். அவரை அப்படி முதலில் கூப்பிட்டவர் ஸ்பேனர் என்று பட்டப்பெயர் கொண்ட மெக்கானிக். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரை யார் சொன்னாலும் டெக்கர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ரெண்டு பேர் வேலை செய்யறவனுக்கு ரெண்டு பேர் உடம்பு வேணாமா?" என்று திருப்பிக் கேட்பார்.

அன்று மருத்துவமனைக்கு அவர் வந்தது தன் உடம்புக்காக அல்ல, தங்கைக்காக. எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயதாகியும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியும், வீட்டில் பாப்பாதான். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, கடந்த பதினாலு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதி, கொடுக்க முடியாது. பெற்றவர்கள் இல்லை. அண்ணனுடைய ரத்தம், திசு எல்லாம் அப்படியே பொருந்திற்று. அந்தச் செய்தி வந்த நாளில் பாப்பாவின் புருஷன் போனில் பேச முடியாமல் அழுதார்.

டாக்டர் அவருடைய காகிதங்களைப் புரட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கு. எடைதான் பிரச்சினை. இந்த எடையில உங்களை நான் ஆபரேஷன் மேஜையில படுக்க வைக்க மாட்டேன். மயக்க மருந்துக்கும் ஆபத்து, பின்னால மிச்சமிருக்கிற ஒரு சிறுநீரகத்துக்கும் ஆபத்து. சர்க்கரையும் எல்லைக்கோட்டுலதான் நிக்குது. தொண்ணூறுக்குக் கீழ வாங்க. அப்புறம் தேதி பார்க்கலாம்."

"எத்தனை நாள்ல வரணும், டாக்டர்?"

"அவசரப்படக் கூடாது. ஆறு மாசம், ஏழு மாசம் ஆகட்டும்."

"அவ தாங்குவாளா அதுவரைக்கும்?"

டாக்டர் காகிதங்களை அடுக்கி வைத்தார்.

"டயாலிசிஸ்ல வருஷக்கணக்கா இருக்கிறவங்க உண்டு. ஆனா அவங்களுக்கு ரத்தக் குழாய் ஒத்துழைக்க மாட்டேங்குது. சீக்கிரம் நடந்தா நல்லது."

அவசரப்படாதே, சீக்கிரம் வா. இரண்டையும் ஒரே வாயால் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு அறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே உறுப்பு தானத்துக்கான ஒருங்கிணைப்பாளர் இருந்தார். ஓய்வுபெறும் வயது, தணிந்த குரல். மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது எல்லார்கிட்டயும் சொல்றதுதான். ஆபரேஷன் மேஜை வரைக்கும் வந்துட்டாலும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். காரணம் கேக்க மாட்டோம். உங்க வீட்டுல யாருக்கும் தெரியவும் தெரியாது. 'மருத்துவ ரீதியா பொருந்தல'ன்னு ஒரு வரி எழுதிடுவோம். அவ்வளவுதான்."

"சார், அந்தப் பேச்சுக்கே இடமில்ல. அவ என் தங்கச்சி."

"தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை."

அவர் எழுந்து வந்துவிட்டார். உள்ளே என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டதற்கு, "சும்மா, ஃபாரம்" என்றார்.

மறுநாளே பட்டினி தொடங்கினார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காலையில் கறுப்புக் காப்பி, மதியம் ஒரு ஆப்பிள், இரவு வெள்ளரிக்காய். மருத்துவமனையில் ஓர் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது சட்டைப்பையிலேயே மடிந்து கிடந்தது. ஐந்தாம் நாள் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. ஒன்பதாம் நாள் நாலு. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார்: இப்படியே போனால் ஒரே மாதம்.

"கண்ணு ரெண்டும் குழில விழுந்துடுச்சு. ஒரு வாய் சாப்பிடுங்க" என்று மனைவி தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சினாள்.

"நான் சாப்பிடற ஒவ்வொரு வாயும் அவளுக்கு ஒரு நாள்" என்றார் அவர். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டாம் நாள், மூன்றாவது நடையில், மார்க்கெட் நிறுத்தம் தாண்டிப் பஸ் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அவருக்கு உதட்டைச் சுற்றி வியர்த்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் வேறு யாருடைய கைகளோ போலத் தெரிந்தன. சாலையின் இரு ஓரமும் கறுத்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சமாக மிச்சமிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் காலில் இருந்தது. கால் பிரேக்கை மிதித்தது. பஸ் முழுதும் ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. யாரோ கத்தினார்கள், யாருடைய பையோ உருண்டது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிப் போய்விட்டாள். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தார்.

"டிரைவர், என்ன ஆச்சு? தண்ணி குடுங்கப்பா யாராவது!"

யாரோ ஒரு மிட்டாயை வாயில் திணித்தார்கள். அது கரையக் கரையச் சாலை மறுபடி அகலமானது. அந்தக் குழந்தை எந்த நிறச் சட்டை போட்டிருந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அதைக்கூடப் பார்க்கவில்லை என்பது அவரை இன்னும் பயமுறுத்தியது.

டெப்போ கண்காணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தான். மூன்று வாரத்துக்கு ஸ்டியரிங் இல்லை. பொருள் காப்பறையில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எண்ண வேண்டும். ஸ்பேனர் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"டேய், வண்டிக்கு டீசல் ஊத்தாம ஓட்டினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"எடை குறையணும்டா."

"டேங்க் காலியானா வண்டி எடை குறையும்தான். நின்னும் போகும்."

அன்று மாலையே அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்தார்.

உணவு ஆலோசகர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பேச்சு படபடவென்று வரும். அவருடைய புது ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே போட்டார்.

"ஐயா, இது என்ன வேலை? உங்க சிறுநீரகத்தைத் தங்கச்சிக்குக் குடுக்கப் போறீங்களா, நீங்களே கெடுத்துடப் போறீங்களா? தண்ணி வத்திப்போய் இருக்கு உடம்பு. தசைதான் கரைஞ்சிருக்கு, கொழுப்பு இல்ல."

அவர் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேரமில்லைம்மா. அவளுக்கு நேரமில்ல."

"அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவை மயக்கம் போட்டு விழுந்தா, மொத்தமா உங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனா முக்கால். அதுக்கு மேல குறைஞ்சா எனக்குக் கோபம் வரும்."

பட்டினி கூடாது என்பதுதான் அவருக்குக் கொடுத்த முதல் கட்டளை. காலையில் வயிறு நிறைய: இரண்டு முட்டை, முழுக் கோதுமை ரொட்டி, ஒரு பழம். மதியம் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ மீனோ, கால் பங்கு மட்டும் சோறு. டீ குடிக்கலாம், சர்க்கரையை விட வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழரைக்குள். தின்பது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது. பிறகு நடை. முதலில் தினம் இருபது நிமிடம், மாதக் கடைசியில் ஒரு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் சுவரைத் தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, தசைக்கு வேலை.

"இவ்வளவுதானா?" என்றார் அவர். ஏதாவது கடினமாகச் சொல்லியிருந்தால் நம்பிக்கை வந்திருக்கும்.

"இவ்வளவுதான். ஆனா தினமும்."

எங்கே நடப்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த பாதையிலேயே நடந்தார். ஒன்பதாம் எண் பஸ்ஸின் பாதை. முதல் வாரம் துறைமுகத்திலிருந்து மணிக்கூண்டு வரை இரண்டு நிறுத்தம். இருபத்திரண்டு வருடமாக அது ஒரு சமதளம் என்று நினைத்திருந்தார். அது ஏற்றம் என்று முழங்கால் சொன்னது. மூன்று நிறுத்தம், பிறகு ஐந்து. காலைப் பஸ்ஸில் போகும் பழைய பயணிகள் ஜன்னலிலிருந்து கையசைத்தார்கள். "என்ன டிரைவர், வண்டியைத் தொலைச்சுட்டீங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

மூன்று வாரம் கழித்து இருக்கைக்குத் திரும்பியபோது ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் கைவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. ஆனால் தராசில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டினியில் போன எடையில் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது; நூறு. அதிலிருந்து அரை அரையாக இறங்கினார். தொண்ணூற்றொன்பதரை. தொண்ணூற்றொன்பது. ஒரு வாரம் நின்றது. பிறகு தொண்ணூற்றெட்டு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாப்பாவைப் பார்க்கப் போவார். ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் குறைந்திருப்பாள். மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. முகம் மட்டும் நீர் கோத்து உப்பியிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை மில்லி தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். அவள் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அண்ணனை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"அண்ணா, கழுத்து தெரியுது. உனக்குக் கழுத்து இருக்குன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாதே."

அவர் சிரிப்பார். ஆனால் மனசுக்குள் இரண்டு தராசுகள். தான் எவ்வளவு இறங்கினோம், அவள் எவ்வளவு இறங்கினாள்? யார் முதலில் எல்லையைத் தொடுவார்கள்? படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் பஸ் இறக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும், பிரேக் பிடிக்காது.

தொடங்கிய மூன்றாவது மாதக் கடைசியில் தொண்ணூற்றைந்துக்கு வந்தார். டாக்டர் தட்டிக்கொடுத்தார். "இதே மாதிரி போனா இன்னும் ரெண்டு, ரெண்டரை மாசம். உத்தேசமா ஒரு தேதியைக் குறிச்சு வைக்கலாம்" என்று நாட்காட்டியைத் திருப்பினார். அந்தத் தாள் திரும்பிய சத்தம் அவர் காதில் நின்றுவிட்டது.

அன்று மதியம், மேட்டுக் குடியிருப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பத்து நிமிட இடைவேளையில், பக்கத்து பேக்கரிக்குப் போய் இரண்டு கிரீம் பன் வாங்கினார். காலி பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து இரண்டையும் தின்றார். ஏன் வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. பசி இல்லை. நோட்டில் எழுதவும் இல்லை.

அதற்குப் பிறகு எடை நின்றுபோயிற்று. ஒரு வாரம், இரண்டு வாரம். நடை குறையவில்லை, இப்போது ஏழு நிறுத்தம் நடந்தார். வீட்டுச் சாப்பாடு அளவோடுதான் இருந்தது. மனைவி எண்ணெயைத் துளி எண்ணி ஊற்றினாள். அப்படியும் நாலாவது வாரம் தொண்ணூற்றைந்தே முக்கால் காட்டியது.

"மிஷின் கெட்டுப்போச்சோ?" என்றாள் மனைவி. அதைத் தூக்கிப் பார்த்தாள், பேட்டரியை மாற்றினாள், தான் ஏறிப் பார்த்தாள். அவருக்கு அவளைப் பார்க்கவே கூசியது.

ஐந்தாவது வாரம் பாப்பாவின் புருஷன் போன் செய்தார். "மச்சான், ராத்திரி குளிர் ஜுரம். டயாலிசிஸ் குழாய்ல கிருமி ஏறியிருக்காம். அட்மிட் பண்ணியிருக்கோம். நீங்க பதறாதீங்க." சொன்னவர் குரலே பதறியது.

அன்றும் மேட்டுக் குடியிருப்பில் அவர் பேக்கரிக்குள் போனார். நாலு பன். கடைசிப் பன்னைத் தின்னும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. சீருடையில் சர்க்கரைத்தூள் கொட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ்ஸை எடுத்தார்.

உணவு ஆலோசகர் நோட்டைப் புரட்டினார். அவசரமில்லாமல், ஒரு பக்கம் விடாமல்.

"எடை நடுவுல நிக்கிறது சகஜம்தான், ஐயா. ஆனா இந்த நோட்டுல இருக்கிறது நிஜம்னா, ஏறாது. திட்டறதுக்காகக் கேக்கல. எங்கயாவது வெளில சாப்பிடறீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எப்பப்போ?"

அங்கேயே பார்த்துக்கொண்டு சொன்னார். "எடை குறைஞ்ச அன்னிக்கு. இல்லைன்னா, சீக்கிரம் நடக்கணும்னு யாராவது சொன்ன அன்னிக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. ஆலோசகர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டார்.

"பயமா இருக்கா?"

"எனக்கு ஊசின்னாலே ஆகாதும்மா. சின்ன வயசுல பல்லு புடுங்கப் போய் ஓடி வந்தவன் நான். இப்ப நல்லா இருக்கிற உடம்பைக் கிழிக்கணும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. எழுந்திருக்கலைன்னா?" மூச்சு வாங்கினார். "அந்த சார் முதல் நாளே சொன்னாரு, வேண்டாம்னா பொருந்தலன்னு எழுதிடுவோம்னு. நான் கோவிச்சுக்கிட்டு வந்தேன். ஆனா அது மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. எடை குறையலைன்னா யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டாங்க. பாவம், முயற்சி பண்ணினான், முடியலைன்னு சொல்லுவாங்க."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? மனுஷன் சொல்ற பேச்சா இது?"

அதே கட்டிடத்தின் மூன்றாவது மாடியில்தான் பாப்பா படுத்திருந்தாள். அவர் லிஃப்டைக் கூப்பிடவில்லை, படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். கதவைத் திறந்தபோது அவள் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு, கண்ணை மூடியிருந்தாள். குழாயில் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜுரம் இறங்கியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்தார்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்லணும். நீ என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்ல."

எல்லாவற்றையும் சொன்னார். பேக்கரியை, கடைசி இருக்கையை, எழுதாத நோட்டை. அவள் முகம் மாறவில்லை. பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கைக் கடைசி வரி வரை பார்க்கும் டீச்சரின் பொறுமை அதில் இருந்தது.

"முடிச்சிட்டியா?" என்றாள்.

"ம்."

"எனக்கு மூணு வாரமாத் தெரியும். பயந்தா நீ சாப்பிடுவே. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு டப்பா பிஸ்கட்டைத் தனியாக் காலி பண்ணினியே." கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டாள். "அண்ணா, எனக்கும் பயம்தான். நீ மெலிய மெலிய எனக்குத் தூக்கம் வரல. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உன் பிள்ளைங்க மூஞ்சில?"

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். ஊசி ஏறியிருந்த கை. விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்னா வேணாம். நான் லிஸ்ட்ல காத்திருக்கேன். உன்மேல எனக்குக் கோபம் வராது. சத்தியமா வராது. ஆனா ஒண்ணு. இல்லைன்னு சொல்றதா இருந்தா வாயால சொல்லு, வயித்தால சொல்லாத. உன் உடம்பையும் கெடுத்துக்கிட்டு, என்னையும் காக்க வைக்காத."

அவர் தலையைக் குனிந்து அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டாள். இயந்திரம் ஒரு முறை பீப் என்றது. இருவரும் திடுக்கிட்டு அதைப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

"உனக்கு நான் குடுக்கணும்" என்றார் அவர் கடைசியில். "பயம் போகுமான்னு தெரியல. ஆனா குடுக்கணும்."

"அப்ப பயந்துக்கிட்டே குடு" என்றாள் பாப்பா. "யார் வேணாம்னாங்க?"

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். அவள் கோபத்தில் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினாள். "நாலு வாரமா அந்த மிஷினைத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தேனே, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்று ஒரு மூச்சுத் திட்டினாள். பிறகு, "எனக்கு மட்டும் பயமில்லைன்னா நினைச்சீங்க?" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் காலை நடைக்கு அவளும் கூட வந்தாள்.

மறுவாரம் அவர் ஒருங்கிணைப்பாளரிடம் பதினோரு கேள்விகள் எழுதிய தாளோடு போனார். எவ்வளவு நேரம் மயக்கம்? எழுந்திருக்காதவர்கள் எத்தனை பேர்? தையல் எங்கே? எத்தனை வாரம் கழித்துப் பஸ் ஓட்டலாம்? மிச்சமிருக்கும் ஒன்று கெட்டால் என்ன செய்வது? ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொன்றுக்கும் மழுப்பாமல் பதில் சொன்னார். சில பதில்கள் கேட்கக் கலக்கமாகவே இருந்தன. ஏற்கெனவே கொடுத்த ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, சலவை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் எண்ணைக் கொடுத்தார். நாலு வருடம் முன்பு புருஷனுக்குக் கொடுத்தவள். ஈரத் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ரெண்டு வாரம் தும்மினா உயிர் போகும். யாரையும் சிரிக்க வைக்க விடாதீங்க. அப்புறம் மறந்துடும்." மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பயம் போகவில்லை. ஆனால் இப்போது அதை எழுதினார். நோட்டில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி: 'இன்று பயம். பன் சாப்பிடத் தோன்றியது. சாப்பிடவில்லை.' சில நாள், 'சாப்பிட்டேன், ஒன்று' என்றும் எழுதினார். ஆலோசகர் அந்த ஒன்றுக்குத் திட்டவில்லை. "எழுதினீங்களே, போதும். மறுபடி நாளைக்குக் காலைல முட்டையில இருந்து தொடங்குங்க" என்றார். இடைவேளையில் பேக்கரிக்குப் போகாமலிருக்க, ஸ்பேனருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஸ்பேனர் பத்து நிமிடமும் அவரைத் திட்டுவதற்கென்றே செலவழித்தார்.

தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று மூன்றரை. நடுவில் ஒரு சளிக் காய்ச்சல், ஒரு வாரம் வீண். தொண்ணூற்றிரண்டு. மழையில் குடை பிடித்து நடந்தார்கள். பாப்பாவுக்குக் கழுத்துப் பக்கம் புதுக் குழாய் போட்டார்கள். அதுவும் எத்தனை நாள் என்று தெரியாது. தொண்ணூற்றொன்றில் பத்து நாள் நின்றது. அந்தப் பத்து நாளும் அவர் பட்டினி கிடக்கத் துடித்தார். மனைவி எதிரில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததைக் கடைசி வாய் வரை சாப்பிட வைத்தாள்.

தொடங்கி ஏழு மாதமும் ஆறு நாளும் ஆன அன்று, மருத்துவமனைத் தராசு எண்பத்தொன்பது புள்ளி ஆறு காட்டியது. நர்ஸ் கைதட்டினாள். அவருக்குச் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. சர்க்கரையும் எல்லைக்கோட்டிலிருந்து நன்றாக உள்ளே வந்திருந்தது. டாக்டர் நாட்காட்டியைத் திருப்பினார். இந்த முறை அவர் பேக்கரிக்குப் போகவில்லை. பாப்பாவின் படுக்கைக்குப் போய்த் தேதியைச் சொன்னார்.

ஆபரேஷன் காலை ஏழரைக்கு. தள்ளுகட்டிலில் போகும்போது கூரை விளக்குகளை எண்ணினார். பதினேழு வரை ஞாபகம் இருக்கிறது. "வேண்டாம்னு சொல்ல இப்பவும் நேரமிருக்கு" என்று ஒருங்கிணைப்பாளர் காதருகே குனிந்து சொன்னார். "தெரியும் சார்" என்றார். பற்கள் தந்தியடித்தன. "குளுருதா?" என்று கேட்டார்கள். "இல்ல, பயம்" என்றார்.

கண் விழித்ததும் வலித்தது. வலித்ததும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்தது. முதல் வார்த்தை, "அவளுக்கு?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லபடியா வெச்சுட்டாங்க. இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கலையாம். சில சமயம் தாமதமாகுமாம்."

ஒரு நாள். இரண்டு நாள். பாப்பாவின் கட்டிலுக்கடியில் தொங்கிய, சிறுநீர் சேரும் பை காலியாகவே இருந்தது. மறுபடி டயாலிசிஸ் செய்தார்கள். அவர் தையலைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார், நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவள் அறைக் கண்ணாடி வழியே அந்தப் பையைப் பார்த்தார். பட்டினி கிடந்த அந்தப் பன்னிரண்டு நாளில் கெடுத்துவிட்டோமோ, அத்தனை பன்களில் கெடுத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால் இல்லை என்றார் டாக்டர். அவர் நம்பவில்லை.

நாலாம் நாள் காலையில் பாப்பாவின் புருஷன் தாழ்வாரத்தில் ஓடி வந்தார். செருப்பில்லை. "மச்சான்! வந்துடுச்சு! அரை லிட்டர்!"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு வந்ததற்காக இரண்டு வளர்ந்த ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சலவைப் பெண்மணி சொன்னது சரிதான். தையல் இழுத்து உயிர் போயிற்று.

இப்போது பத்து மாதமாகிறது. அவர் எண்பத்தாறில் நிற்கிறார். ஒன்பதாம் எண் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். காலையில் நடக்கிறார், மனைவியும் வருகிறாள். இரண்டு மாதமாகப் பாப்பாவும் வருகிறாள். அவளுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் அகோரப் பசியைக் கிளப்பிவிடும். கன்னம் இரண்டும் உருண்டுவிட்டன. பத்துக் கிலோ ஏறிவிட்டது. போன மாதம் டாக்டர் அவளையும் அதே உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார்.

மாதத்துக்கு ஒரு முறை அவளுக்கு ரத்தப் பரிசோதனை. முடிவு வரும் நாளில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இன்று அந்த நாள். மூன்று பேரும் மணிக்கூண்டு தாண்டி ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். பாப்பா ஒரு நிறுத்தத்தின் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் பஸ்ல வரேன். நீங்க ரெண்டு பேரும் நடங்க."

"இன்னும் ரெண்டு நிறுத்தம்தான், எழுந்திரு."

"முடியாதுண்ணா. காலு கெஞ்சுது."

கைபேசி அடித்தது. அவள் புருஷன். அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகப் போய் இடுப்பில், தழும்பு இருந்த இடத்தில் நின்றது. மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி... சரி... போன மாசம் மாதிரியேவா? ம்." அவள் போனை மடியில் வைத்தாள். "நல்லா இருக்காம்."

அவர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது.

"அண்ணா, இப்பவாவது ஒரு டீ வாங்கித் தரலாம்ல?"

"வாங்கித் தரேன். சர்க்கரை இல்லாம."

"நீ மனுஷனே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். அவர் கையை நீட்டவில்லை. அவளாகவே எழுந்து, முன்னால் நடந்தாள்.